ரங்கூனிலிருந்து ஒரே பகல்

குன்றக்குடியிலிருந்து காரைக்குடிக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி தலையை மழித்திருந்தான். தாய் இறந்த தந்தி கிடைத்து, ரங்கூனிலிருந்து கப்பலேறி, எல்லாம் முடிந்தபின் வந்து சேர்ந்தவன் என்பது பேச்சில் தெரிந்தது.

“ஏரோப்ளேன்ல ஒரே பகல்ல கல்கத்தா வந்துடலாமாம்க்கா. நான் கப்பல்ல வந்து கெடுத்துட்டேன். முதலாளி கால்ல விழுந்தாவது டிக்கெட்டு வாங்கியிருக்கணும்.”

“கல்கத்தாவுலருந்து மெட்ராசுக்கு?”

“ரயில்ல ரெண்டு நாளு.”

“அங்கருந்து இங்குட்டு வர?”

“ஒரு ராத்திரி.”

அக்காள் விரல் மடக்கிப் பார்த்தாள். “அம்மா காலையில போச்சு. பொழுது சாயமுன்ன எடுத்துட்டாக. நீ பறந்து வந்திருந்தாலும் மொகத்தப் பாத்திருக்க முடியாதுடா.”

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அவள் அவன் முதுகைத் தடவினாள்.

“ஏரோப்ளேன்ல வந்திருந்தா அம்மா உன்னய வஞ்சிருக்கும். கெணத்த எட்டிப் பாத்தாலே தலை சுத்துற பய, வானத்துல ஏறுனியாடான்னு கேட்டிருக்கும்.”

துண்டுக்குள்ளிருந்து அவன் சிரிப்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவே அழுகையாகிவிட்டது. காரைக்குடி வரும்வரை அக்காள் கையை எடுக்கவேயில்லை.