வெர்னாவுக்கு முடிந்ததா, இல்லையா

ஹலோ… ஹலோ, வெர்னா? நான்தான், எலும்பு ஆராய்ச்சி நர்ஸ் கோலீன்… ஆமா ஆமா, உன் கையில ஊசி குத்துறவளேதான்… பஸ் ஓட்டிட்டிருக்கியா? பிள்ளைங்க உள்ள இருக்காங்களா?… இறக்கி விட்டாச்சா, நல்லதாப் போச்சு. ஓரமா நிறுத்திக்கோ… நிறுத்துன்னா நிறுத்தேன், அப்புறம் சொல்றேன்.

…ம்… இல்ல, எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இது வேற. ஜனவரியில, அந்தப் பனிப்புயல் அன்னைக்கு வந்தியே, பீரியட்ஸ் நின்னு பதினாலு மாசம் கழிச்சு லேசா ரத்தம் பட்டுச்சுன்னு சொன்னே, ஞாபகம் இருக்கா?… அதேதான், அதேதான்… நான் என்ன சொன்னேன்?… ஆங். உனக்கு மெனோபாஸ் இன்னும் முடியல, இதெல்லாம் சகஜம்னு சொன்னேன்.

…இரு, சிரிக்காதே, கேளு. நீ அந்தத் தூக்க ஆராய்ச்சியிலயும் இருக்கே இல்ல? ரெண்டு பட்டியலையும் இன்னைக்குத்தான் சேர்த்துப் பார்த்தேன். அவங்க உன்னை முடிஞ்சவங்க பக்கம் போட்டிருக்காங்க. நாங்க முடியாதவங்க பக்கம்… அதைத்தான் நானும் கேக்குறேன், ஒரே வெர்னா எப்படி ரெண்டு பக்கமும் இருப்பா!… இல்லம்மா, யாரும் தூங்கி வழியல. ஒரு வருஷம் வராம இருந்தா முடிஞ்சதுன்னு அவங்க எழுதிடுவாங்க. எங்க விதி, அதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் மறுபடி முதல் மாசத்துல இருந்து எண்ணணும்… ஆமா, உன் உடம்பு ஒண்ணுதான். எங்க பேப்பர்தான் ரெண்டு.

…அதனால என்னவா? முடிஞ்சதுக்கப்புறம் ரத்தம் பட்டா அது சகஜம் இல்ல, வெர்னா. உடனே கர்ப்பப்பையை டாக்டர் பாக்கணும்… பயப்படாதே, முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது… ம்… ஆமா, சில பேருக்கு கேன்சர்… சில பேருக்குத்தான்னு சொல்றேன்ல! ஆனா பாத்துடணும். ஆராய்ச்சிக்கு எழுதின விதியை வச்சுக்கிட்டு நான் உனக்கு வைத்தியம் சொல்லியிருக்கவே கூடாது. தப்பு என்னோடதுதான்.

…தெரியும், தெரியும். இந்த சாஸ்கட்டூன் ஊர்ல டாக்டரைப் பாக்க எத்தனை வாரம் ஆகும்னு எனக்குத் தெரியாதா? நான் பேசி சீக்கிரமா ஒரு நாள் வாங்கித் தரேன்… சரி, சரி… அது அந்த ஒரு நாளோட நின்னுடுச்சு இல்ல?

…என்ன சொன்னே?

…எப்ப இருந்து?… நாலு மாசமாவா!… பஸ்ல மாத்துத் துணி வச்சுக்கிட்டா ஓட்டுறே?… ஐயோ, ஏண்டி, ஒருத்தர்கிட்டயாவது சொல்லக் கூடாதா?

…ஆமா.

…ஆமா, நான்தான் சொன்னேன்… சகஜம்னு… ஆமா, நானேதான்.

வெர்னா?… அழாதே… இல்ல, ஒரு நிமிஷம், நான் இப்பவே க்ளினிக்குக்கு… வெர்னா, வச்சுடாதே… ஹலோ?… ஹலோ?