சக்கரத்தைப் பார்க்கும் பக்கம்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி உங்களுக்குச் சரிப்படவில்லை, மேடம். நான் இந்த அறைக்குள் வந்ததிலிருந்து மூன்று முறை வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். ரெக்சின் கிழிந்த இடத்தில் ஸ்பாஞ்சு அமுங்கிப் போயிருக்கிறது. இடுப்பு வலி இருக்குமே. இல்லையென்று தலையாட்டுகிறீர்கள், ஆனால் கை இடுப்புக்குத்தான் போகிறது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். யாராவது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் என் கண் சும்மா இருக்காது.

நேற்று உங்கள் ஆட்களிடம் நான் சொன்னதில் ஓர் இடம் சரியில்லை. அதை இன்று திருத்திவிடுகிறேன். முதலிலிருந்து வருகிறேன், அப்போதுதான் உங்களுக்கும் புரியும்.

மோட்டார் சைக்கிள்களுக்குத் தோல் சீட்டும் பக்கப் பைகளும் செய்கிறவன் நான். கம்பெனியிலிருந்து அப்படியே வரும் வண்டிகளுக்கு இல்லை. ஆசைப்பட்டு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, வேறு டேங்க், வேறு ஹேண்டில் எல்லாம் போட்டுத் தனக்கென்று கட்டிக்கொள்கிறார்களே, அந்த வண்டிகளுக்கு. தோலை ஈரமாக்கி அதில் பூ, கொடி, மிருகம் என்று கேட்டதைச் செதுக்கிக் கொடுப்பேன். நிறையப் பேர் கழுகு கேட்பார்கள். கழுகு கேட்பவர்களில் பாதிப் பேர் பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவர்கள். அது நமக்கெதற்கு, செதுக்கிக் கொடுத்துவிடுவேன்.

அளவெடுக்க என்னிடம் ஒரு மணல் தட்டு இருக்கிறது. சீட் உயரத்தில் ஒரு பலகை, அதன்மேல் விளிம்பு வைத்த தட்டு, தட்டு நிறைய சலித்த மணல். வருகிறவரை அதில் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்வேன். எழுந்தபின் தடத்தைப் பார்த்தால் ஆள் எந்தப் பக்கம் சாய்கிறார், எங்கே வலி என்று எல்லாம் தெரிந்துவிடும். அதற்கேற்ப ஸ்பாஞ்சை வெட்டுவேன்.

தையல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நாங்கள் இரண்டு ஊசியில் தைப்போம். ஒரே நூல், இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகப் புகுந்து வெளியே வரும். ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். ஒற்றை ஊசியில் ஓட்டுத் தையல் போட்டால் அப்படி இல்லை. ஓர் இடத்தில் அறுந்தால் போதும், வரிசையாக உருவிக்கொண்டு வந்துவிடும்.

பாப்பா என் தங்கை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, முப்பது வயதானபோதும் எனக்குப் பாப்பாதான். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பத்தொன்பது. தலைவாரி விட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலில் கண்விழித்தது எல்லாம் நான்தான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கடையில் என் எதிரில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தோலின் ஓரத்தை அவள் மெழுகு வைத்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி வரும். இந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான்.

அவளுக்கு வரன் பார்க்காமல் இல்லை. வந்தவர்களை உட்கார வைத்துப் பார்த்தேன். ஒருவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். ஒருவன் சாய்ந்துகொண்டு காலை ஆட்டினான். இன்னொருவன் நன்றாகத்தான் உட்கார்ந்தான், ஆனால் எழுந்திருக்கவே இல்லை. ஒருவரும் தேறவில்லை.

பிறகு நெட்டையன் வந்தான். ஆறடி இரண்டங்குலம். பாலம் கட்டும் கம்பெனியில் நிலம் அளக்கிற வேலை. சீட்டுக்கு அளவு கொடுக்க வந்தவன், சரிபார்க்க வந்தான், மறுபடி சரிபார்க்க வந்தான். நான்காவது முறை வந்தபோது சீட்டில் ஒரு குறையும் இல்லை. பாப்பா தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே தேய்த்து முடித்த ஓரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். நானே முன்னின்று கல்யாணம் செய்துவைத்தேன். எங்கள் மாடியறையில் குடிவைத்தேன்.

நல்ல மனிதன். இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். குடிக்க மாட்டான், குரலை உயர்த்த மாட்டான். என்னை மச்சான் மச்சான் என்று வாய்க்கு வாய் கூப்பிடுவான். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அவனுக்கு மாற்றல் வந்தது. எட்டு மணி நேரப் பயணத்தில் வேறு ஊர், அங்கே ஒரு பெரிய பாலம், குறைந்தது ஆறு வருட வேலை. பாப்பா என்னிடம் சொன்ன விதம் எனக்கு நினைவிருக்கிறது. காபி டம்ளரை என் மேஜையில் வைத்துவிட்டு, "அண்ணா, நாங்க போறோம்ணா. நீ தனியா சமாளிச்சுக்குவல்ல?" என்று கேட்டாள். சமாளிப்பேன் என்றேன். அவள் முகத்தில் கவலை இருந்தது, ஆனால் கவலையைவிட ஆசை கூட இருந்தது. புது ஊர், புது வீடு. என்னை விட்டுப் போவதில் ஒருவருக்கு இவ்வளவு ஆசை இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. மனது விட்டுப்போயிற்று, மேடம். அதை நான் காட்டிக்கொள்ளவில்லை.

அவன் வண்டியிலேயே அங்கே போவதாக இருந்தது. புது சீட்டும் இரண்டு பக்கப் பைகளும் என் அன்பளிப்பாகச் செய்து தருகிறேன் என்றேன். ஏழு வாரம் வேலை. பைகளின் மூடியில் பாப்பாவுக்குப் பிடித்த கொடியைச் செதுக்கினேன். அதுபோல ஒரு வேலை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை.

பக்கப் பையை மேலே இரண்டு வார்கள் தாங்கும். பையின் பின்புறம், சக்கரத்தைப் பார்க்கும் பக்கத்தில், மூன்றாவதாக ஒரு வார் உண்டு. அது பையை வண்டிச் சட்டத்தோடு இழுத்துக் கட்டும். வளைவில் பை சக்கரத்துக்குள் ஆடிவிடாமல் பிடிப்பது அதுதான். பை மாட்டியபின் அந்தப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. வலது பையை நெட்டையன் அடிக்கடி குனிந்து பார்ப்பான், சைலன்சர் சூட்டில் தோல் கருகிவிடுமோ என்று பயம். இடது பையை அவன் பார்க்க மாட்டான்.

இடது பையின் மூன்றாவது வாரைத் தைக்கும்போது ஓர் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. பிரேக்கைத் தொடவில்லை, எதையும் அறுக்கவில்லை. ஒற்றை ஊசி, மெழுகு பூசாத நூல், பதினாறு தையல். வழக்கம்போல சுத்தியலால் தட்டி அமுக்கினேன்.

அவனுக்கு ஒரு கால் உடைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். மாற்றல் ரத்தாகும், வேறு ஆளை அனுப்புவார்கள், மாடியறையிலேயே இருந்துவிடுவார்கள். நானே அவனைத் தூக்கி உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லோருக்கும் நல்லதாக முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

மலையிறக்கத்தில், நாற்பதாவது கிலோமீட்டரில், இடப்பக்க வளைவில் வார் விட்டது. பை ஆரக்கம்பிகளுக்குள் போய்ச் சக்கரம் பூட்டிக்கொண்டது. அவன் தடுப்புச் சுவரில் மோதி அங்கேயே இறந்தான். பாப்பாவின் இடது கால் வண்டிக்கு அடியில் மாட்டியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் வார் அறுந்ததால் விபத்து என்று எழுதி, பையை ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய கதை, அப்போது நீங்கள் இங்கே இல்லை. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆறுதல்தான் சொன்னார்கள்.

பாப்பா வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த செயற்கைக் காலின் பட்டை அவள் தொடையை அறுத்துப் புண்ணாக்கியது. நான் மெல்லிய தோலில் ஒரு பட்டை செய்தேன். உட்புறம் மிருதுவான ஆட்டுத்தோல், வெளிப்புறம் சின்னச் சின்னப் பூக்கள். இரண்டு ஊசி, நூற்றுப் பன்னிரண்டு தையல். அதைப் போட்டுக்கொண்டு கடை வாசலிலிருந்து தன் ஸ்டூல்வரை பதினோரு அடி நடந்துவந்து உட்கார்ந்தாள். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. வேலை மட்டும் பழையபடி கண்ணாடி மாதிரி வந்தது. எனக்குத்தான் தூக்கம் கெட்டது. மணல் தட்டைத் தினமும் சமப்படுத்திவிட்டுத்தான் கடையைப் பூட்டுவேன். சில நாள் காலையில் திறந்தால் அதில் ஒரு தடம் இருக்கும். அகலமான தடம், இடது பக்கம் கொஞ்சம் ஆழமாக. நெட்டையன் அப்படித்தான் உட்காருவான். பூனை படுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் தெருவில் பூனை கிடையாது. பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை நான், ஆனாலும் பாப்பா வருவதற்குள் அதை அவசரமாகக் கலைத்துவிடுவேன்.

போன மாதம் பாப்பா பரணைக் காட்டி, "அண்ணா, அந்தப் பையை எறக்கிக் குடேன். எண்ணெய் போட்டு வைக்கிறேன், இல்லேன்னா தோலு வெடிச்சிரும்" என்றாள். எலி கடித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருடத்தில் என்றைக்காவது எரித்தும் இருக்கலாம். அந்தக் கொடி அவ்வளவு நன்றாக வந்திருந்தது, மேடம். எரிக்கக் கை வரவில்லை. இறக்கிக் கொடுத்தேன்.

தையல் போனாலும் தோலில் நூல் அழுந்திய பள்ளம் போகாது. எண்ணெய் பட்டால் நன்றாகவே எடுத்துக் காட்டும். இரண்டு ஊசியில் தைத்தால் துளைக்குத் துளை பள்ளம் இருக்கும். ஒற்றை ஊசி என்றால் ஓர் இடைவெளியில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. பாப்பா அறுந்த வாரைத் திருப்பி வைத்துக்கொண்டு நகத்தால் தடவினாள். பள்ளம், வெறும் தோல், பள்ளம், வெறும் தோல். பதினாறையும் தடவினாள். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"அண்ணா, அன்னைக்கு ஊசி ஏதாவது ஒடஞ்சு போச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்புவதற்குத்தான் கேட்டாள். அது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. ஆனால் வாய் வேறு சொல்லிற்று.

"ஞாபகம் இல்ல பாப்பா."

அவள் தலையாட்டிவிட்டு எண்ணெயை மூடி வைத்தாள். மறுநாள் காலை அந்த வார் என் வேலை மேஜையில், நான் கை வைக்கும் இடத்தில் இருந்தது. எடுத்து இழுப்பறையில் போட்டேன். அதற்கடுத்த நாளும் மேஜையில் இருந்தது. ஒன்பது நாள் இப்படி. "இன்னும் கொஞ்சம் சாதம் போடவாண்ணா?" என்று மட்டும் கேட்பாள். நானும் போடு என்பேன்.

பத்தாம் நாள் வார் இல்லை. என் மேஜையில் அவளுடைய தொடைப் பட்டை இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு தையலையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்திருந்தாள். தோலில் ஒரு கீறல் விழவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. நூல் துண்டுகளை ஒரு காகிதத்தில் குவித்து வைத்திருந்தாள். செயற்கைக் கால் மட்டும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த ஊன்றுகோல்களைக் காணவில்லை. அவள் அந்த வாரை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இப்போது நேற்று நான் தவறாகச் சொன்ன இடம். பாப்பா சாமான்களோடு பஸ்ஸில் போவதாக இருந்தது, கடைசி நிமிடத்தில் வண்டியில் ஏறிவிட்டாள் என்று சொன்னேன். பஸ் என்று ஒரு பேச்சே இல்லை. புது சீட்டு எப்படி வேண்டும் என்று நான் கேட்ட அன்றே நெட்டையன், "ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி வேணும் மச்சான்" என்றான். பாப்பாவுக்கு வண்டி என்றால் பயமாயிற்றே என்றேன். "இப்ப எங்க பயம்? பின்னாடி உக்காந்து பாட்டுப் பாடிட்டு வர்றா" என்று சிரித்தான். பத்து வருடத்துக்கு மேல் எனக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் அந்த ஊசியைக் கீழே வைப்பது என்று முடிவு செய்தேன்.

அவளை மணல் தட்டில் உட்காரவைத்து நானே அளவெடுத்தேன். கிளம்பும் காலையில் அவள் ஏறி உட்கார்ந்தபிறகு, நான் குனிந்து அந்த வாரை ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். மலையிறக்கம்வரை தாங்கும் என்று தெரிந்தது. பார்த்துப் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். ஆனால் ஒன்று, அவள் உட்காரும் பாதிக்கு மட்டும் ஒரு விரற்கடை ஸ்பாஞ்சு கூடுதலாக வைத்திருந்தேன். விழுந்தாலும் அவளுக்கு அடிபடக் கூடாதல்லவா.

சொல்ல வேண்டியது அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஓர் உதவி மட்டும் செய்ய வேண்டும். நான் கொண்டுவந்த பொட்டலத்தை வெளியே வாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் அவளுடைய தொடைப் பட்டை இருக்கிறது, அதே துளைகளில் மறுபடி தைத்துவிட்டேன். இரண்டு ஊசிதான், வேண்டுமானால் இழுத்துப் பாருங்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், அவளிடம் சேர்த்துவிட்டால் போதும். அது இல்லாமல் அவள் எப்படிக் கடைக்குத் திரும்பி வருவாள்?