யானைக்கு வந்த விக்கல்

ஹலோ… ஹலோ, ஸ்மிஜா டீச்சர்தானே? நான் சாத்துண்ணி பேசறேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால, கிணத்து வீடு… ஆமா, ஆமா, அதே புளுகன் சாத்துண்ணிதான்… சௌக்கியமெல்லாம் அப்புறம் டீச்சர். நெட்டுல வர்ற சேதி நிஜமா பொய்யான்னு பார்க்கச் சொல்லிக்குடுத்தீங்களாமே, அந்த உங்க ஒன்பதாங்கிளாஸ் பிள்ளைங்க நெட்டுல போட்டதை முதல்ல எடுக்கச் சொல்லுங்க… எதுவா? ‘சாத்துண்ணி வீட்டுக் கிணத்துத் தண்ணி குடிச்சா விக்கல் நிக்கும், சரிபார்த்தாச்சு’ன்னு போட்டிருக்காங்களே, அதுதான்!

…பாராட்டவா கூப்பிட்டேன்? முற்றத்துல நாப்பது பேர் நிக்கறாங்க டீச்சர், கேனும் கையுமா. மீன மாச வெயில். கிணத்துல முழங்கால் தண்ணி. கஞ்சி வைக்க என் பொண்டாட்டி கார்த்து அடுத்த தெருவுக்குக் குடத்தோட போயிருக்கா…

அது பொய் டீச்சர்… எப்படித் தெரியுமா? நான்தானே சொன்னேன்! கேமராவோட ஒருத்தன் வந்தான். விக்கல். தண்ணி குடுத்தேன், நின்னுது. என்ன தண்ணி இதுன்னு கேட்டான். என் வாய் சும்மா இருக்குமா? எங்க தாத்தா காலத்துல கோயில் பூரத் திருவிழாவுக்கு வந்த யானைக்கு விக்கல், மேலே குடை பிடிச்சவன் விக்கலுக்கு ஒரு முழம் எகிறினான், ஏழு குடம் இந்தத் தண்ணி குடிச்சதும் நின்னுதுன்னேன்… ஏழுதான், எட்டு இல்ல… டீச்சர், நீங்க ஏன் சிரிக்காம கேக்கறீங்க?

…நெட்டுல எட்டு தளத்துல இருக்கா? எட்டும் அந்தக் கேமராக்காரன் போட்டதைப் பார்த்து எழுதினதுதான்… படம் வேற வேறயா? அதுல ஒண்ணு எங்க கிணறே இல்லையே!

…ம்… ம்… சொன்னவனுக்கு லாபம் உண்டான்னு பார்க்கணும், சரி… நான் யார்கிட்டயும் காலணா வாங்கலை, சரி… அதனால நான் நம்பகமான ஆளா? எழுபத்தாறு வயசுல இப்பத்தான் என்னை நம்ப நாலு பேர் கிடைச்சாங்க, அதுவும் இதுக்கா!

சரி. அதே நம்பகமான ஆள் சொல்றேன், பொய்… ஓ… இப்ப எனக்கு லாபம் வந்துடுச்சா? தண்ணியை நானே வச்சுக்கப் பார்க்கறேனா? அதனால இது செல்லாது… ஆமா… ஆமா… நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கீங்க.

கார்த்துவைக் கேளுங்களேன்… வீட்டு ஆள், எடுபடாது… பக்கத்து வீட்டு வாசு உண்மைன்னுட்டானா? அவன் என் வாசல்லயே நன்னாரி சர்பத் கடை போட்டிருக்கான் டீச்சர்! அவன் லாபம் உங்க கண்ணுல படலையா?… சர்பத்துக்கும் விக்கலுக்கும் சம்பந்தமில்லையா?

ஏய், வாளியை விடுப்பா! அடியில வெறும் சேறு!… உங்களை இல்ல டீச்சர்.

எந்தத் தண்ணியைக் குடிச்சாலும் விக்கல் நிக்கும் டீச்சர்! குழாய்த் தண்ணிக்கும் நிக்கும்!… ஆதாரமா? இதுக்குமா?

…யாரு கத்தறதா? டிவி. டிவி… இல்ல, கிறுக்கன் எவனோ… கேட்டுடுச்சா? ஆமா, ‘பதினோரு நாள் விக்கல் நின்னுடுச்சு’ன்னுதான் கத்தறான். கத்திட்டுப் போறான், விடுங்க… பார்த்தேன்… என் முன்னாடிதான் குடிச்சான்… ஆமா, நின்னுதான் இருக்கு… நேர்ல பார்த்த சாட்சியா? யாரு… நானா?

டீச்சர், எழுதாதீங்க. டீச்சர்! பேனாவைக் கீழே வைங்க… நான் பொய்தான் சொல்வேன் டீச்சர், ஊர்ல யாரை வேணா கேளுங்க… ஹலோ?… ஹலோ?