நிருஷாவின் மறதி

நான் கொம்பியூட்டர் திருத்துகிற ஆள், சேர். ஒரு சாமானைக் கழற்றினால் திரும்பப் பூட்டாமல் கதிரையை விட்டு எழும்பமாட்டேன். களுவாஞ்சிகுடியில் உதயரூபனின் கடை என்று கேட்டுப் பாருங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். இதையும் அப்படித்தான் முதலில் இருந்தே ஒழுங்காகச் சொல்கிறேன்.

நிருஷாவைக் கட்டி ஆறு வருசம். பெரியகல்லாற்றில் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில்தான் இருக்கிறோம். போன வருசம் ஒருநாள், கொம்பியூட்டர் பாதுகாப்பு வேலை படிக்கப்போகிறேன் என்றாள். கள்ளன் எந்த வழியால் உள்ளே வருவான் என்று அவன் வருமுன்பே கண்டுபிடித்துச் சொல்கிற வேலையாம். அதற்கு லினக்ஸ் தெரிய வேண்டும். எனக்கு விண்டோஸ் மட்டும்தான் பழக்கம். ஆனாலும் கடையில் கிடந்த ஒரு லெப்டொப்பில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் அழுதாள். கறுப்புத் திரை, மினுங்குகிற ஒரு சின்னக் கோடு, வேறொன்றும் இல்லை. ஒரு எழுத்துப் பிழைத்தாலும் அது கேட்காது. கட்டளைகளைக் கடதாசியில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்துத் தேங்காய் துருவத் துருவ முணுமுணுப்பாள். காத்தான்குடியில் ஸகியா என்ற ரீச்சரிடம் சனிக்கிழமைகளில் வகுப்புக்குப் போனாள். பிறகு அழவில்லை. ஆறு மாதத்தில், சாப்பிடும்போது அவள் சொல்கிற கதை எனக்கு விளங்காமல் போய்விட்டது.

ஒருநாள் கடைக்கு லினக்ஸ் போட்ட ஒரு மெசின் திருத்த வந்தது. எனக்குப் பிடிபடவில்லை. நிருஷாவுக்கு போன் எடுத்தேன். ஐந்து நிமிசத்தில் சொல்லித் தந்துவிட்டாள். வந்த மனிசன் சிரித்தார். "அப்ப மாஸ்டர் வீட்டிலதான் இருக்கா." நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் ஸகியா நிருஷாவுக்கு எழுதிய மெயிலைப் பார்த்தேன். கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை, பதினாலாம் திகதி ஒன்லைனில் பரீட்சை, தெரிவானால் ஆறு மாதம் அங்கேயே தங்க வேண்டும். நிருஷா விண்ணப்பித்து மூன்று கிழமை ஆகியிருந்தது. மூன்று கிழமையாக என் முன்னால் இருந்து சோறு தின்றிருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. நாலு நாள் கழித்து அவளே சொன்னாள்.

"கிடைச்சாச் சொல்லுவம் எண்டு இருந்தன். கிடைக்காட்டி உங்களுக்கும் ஏன் வீண் கவலை."

"நல்லம்தானே" என்றேன். ஆனால் மறைத்தது மறைத்ததுதானே, சேர்.

நானும் லினக்ஸ் படிக்கத் தொடங்கினேன். கடையில், மத்தியானம் கதவைப் பாதி சாத்திவிட்டு. நான் கொஞ்சம் மந்தம். ஆனால் பிடித்தால் விடமாட்டேன். போட்டுக் கொடுத்தவன் என்பதால் அந்த லெப்டொப்பின் தலைமைப் பாஸ்வேட் என்னிடமும் இருந்தது. முதலில் அவளுடைய பாஸ்வேட்டில் ஒரேயொரு எழுத்தை மாற்றினேன். நாலைந்து தரம் அடித்துப் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்து சரிப்படுத்திக் கொடுத்தேன்.

"நேத்து நீதானே மாத்தின. ஞாபகமில்லையா புள்ள?"

அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வினாயகமூர்த்தி மாமா சாகும்போது எல்லாரையும் மறந்துபோய்த்தான் செத்தார். கடைசி வருசம் நிருஷாவைப் பார்த்து, "ஆர் புள்ள நீ?" என்று கேட்பார். அந்த மறதி வருத்தம் தனக்கும் வந்துவிடும் என்ற பயம் அவளுக்கு இருந்தது. அதை அவள் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

பிறகு அவளுடைய குறிப்புகளை இடம் மாற்றி வைத்தேன். முடித்துவைத்த பயிற்சியை முதல்நாள் இருந்த மாதிரி ஆக்கினேன். அவள் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதத் தொடங்கினாள். அதில் இரண்டு தாளைக் கிழித்தேன். ஒருநாள் அடுப்பை அணைக்காமல் சந்தைக்குப் போய்விட்டாள். அது நான் செய்ததில்லை, சேர். அது அவளாகவே.

அன்றைக்கு என் தோளில் சாய்ந்து சொன்னாள்: "எனக்கும் அப்பாட வருத்தம் வந்திட்டு போல."

"அப்பிடி ஒண்டும் இல்ல. நான் இருக்கிறன்தானே" என்று தலையைத் தடவினேன். உண்மையைச் சொன்னால், நாங்கள் ஆக ஒற்றுமையாக இருந்தது அந்த நாட்களில்தான்.

டொக்டரிடமும் நானே கூட்டிக்கொண்டு போனேன். நித்திரைக்குக் குளிசை தந்தார், ஒரு நாளைக்கு ஒன்று. பதினாலாம் திகதி காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை. படபடப்பு அடங்கும் என்று சொல்லி ஏழு மணிக்கு இரண்டு கொடுத்தேன். அவள் கண் விழிக்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அழவில்லை. லெப்டொப்பைத் துணியால் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தாள். "இனி இது எனக்குச் சரிவராது" என்றாள்.

பத்து நாள் கழித்து ஸகியா வீட்டுக்கு வந்தாள். நிருஷா தனக்கு வந்த வருத்தத்தைச் சொல்லியிருக்கிறாள். ரீச்சர் லெப்டொப்பைத் திறந்து பார்த்திருக்கிறாள். எப்போது, எந்தப் பாஸ்வேட்டால், என்ன செய்தது என்று லினக்ஸ் வரிசையாகக் குறித்துவைக்குமாம். நான் அவ்வளவு தூரம் படிக்கவில்லை. பரீட்சைக்கு முந்தி, மாமியின் கண் ஒப்பரேசனுக்காக நிருஷா மூன்று நாள் மட்டக்களப்பில் ஆஸ்பத்திரியில் நின்றிருந்தாள். அந்த மூன்று நாளும் வீட்டில் இருந்த லெப்டொப்பில் என் கைவேலை இருந்தது.

அவள் கத்தவில்லை. எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு நேரே பொலிசுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். ஆறு வருசம் ஒரே வீட்டில் இருந்தவனிடம், இது நீதானா என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். எனக்கு நோகிறது அதுதான்.

பாஸ்வேட், குறிப்பு, கொப்பித் தாள், குளிசை, எல்லாம் நான்தான். வாசித்துக் காட்டத் தேவையில்லை, எங்கே கையெழுத்து வைப்பது என்று காட்டுங்கள். அந்தக் கம்பனி அவளுக்கு இன்னொரு தவணை பரீட்சை வைத்து எடுத்துவிட்டதாம், வாற மாதம் போகிறாளாம். போகட்டும். ஆனால் சேர், கொழும்பு பெரிய இடம். அங்கே அவள் எதையாவது மறந்துபோய் நின்றால், பக்கத்தில் இருந்து எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?