குருத்து நின்ன வாழை

— கைய விடுட்டி! அம்புட்டு வாழைக்கன்னையும் வெட்டிச் சாய்க்காம வீட்டுக்கு வரமாட்டேன்.

— அருவாளக் கீழ போடுங்க. ஒரு வரிசைய வெட்டுனது போதும்.

— ஒங்கண்ணன் சமுத்திரம் எனக்குச் செத்த கன்ன வித்துட்டான், நாகஜோதி. நட்டு எம்புட்டு நாளாச்சு, ஒரு இலை விட்டுச்சா? விஜயபாண்டி பிளாஸ்டிக் வாழை வச்சிருக்கான்னு சேத்தூரே சிரிக்கு.

— எங்கண்ணன் எங்க? உங்களப் பாக்கத்தான தோட்டத்துக்கு வந்தாக.

— வந்தான். பேசுனோம். போயிட்டான்.

— போன எடுக்க மாட்டேங்காகளே.

— அவன் பேச்ச விடு. கன்னு செத்துச்சா இல்லையா?

— சாவல. நான் வேல பாக்குற ஸ்ரீவில்லிபுத்தூர் வாழை லேப்புல தெனமும் இதத்தான பாக்கேன். கன்னுக்குள்ள இருக்க செல்லு ஒன்னு ரெண்டாகி, ரெண்டு நாலாகித்தான் இலை வரும். இந்த வெயில்ல நீங்க போர்ல வார உப்புத்தண்ணியயும் விட்டா, அது ரெண்டாகுறத நிறுத்திரும்.

— பயந்துக்கிட்டா?

— புத்தியோடங்க. உள்ள ஒடஞ்சத மொதல்ல சரிபண்ணும். ஒடஞ்சதோட ரெண்டானா ரெண்டும் வெளங்காது. நல்ல தண்ணி கெடச்சா பொறவு ஆரம்பிக்கும்.

— ஒங்கண்ணனும் இதயேதான் சொன்னான். தண்ணிய மாத்து மாப்ள, செத்த பொறுன்னு. எங்கிட்டயே வாத்தியார் வேல!

— இந்தா, நீங்க வெட்டுன கன்னுதான. நடுவுல விரல விட்டுப் பாருங்க.

— வெள்ளையா இருக்கு. ஈரமா...

— உசுரு இருக்குங்க.

— ஜோதி... அப்ப அவன் சொன்னது நெசமா?

— வேட்டில என்ன அது?

— வாழைக்கறை.

— வாழைக்கறை பழுப்பால்ல படியும். இது செவப்பா இருக்கு. எங்கண்ணன என்ன செஞ்ச?

— மோட்டார் ரூமுக்குப் பின்னால... தோள்ல ஒரே வெட்டு... நான் வாரப்ப மூச்சு இருந்துச்சு ஜோதி!

— அண்ணே! அண்ணே, கண்ணத் தொற! தள்ளுய்யா. ஒன் துண்டக் குடு, கட்டணும். 108க்கு அடி!

— ராஜபாளையத்துல இருந்து வரணுமாம். நேரமாகுமாம்.

— போன இங்க குடு. வாட்ஸப்புல நம்ம வாழை குரூப்புல இருக்கவிய எல்லாரும் கேளுங்க, நாகஜோதி பேசுதேன். சேத்தூர்ல எங்க தோட்டத்துல எங்கண்ணன் ரத்தம் கொட்டிக் கெடக்காக, உசுரு இருக்கு. வெட்டுனது எம்புருசன் விஜயபாண்டி. இந்தா, பக்கத்துலதான் நிக்கான். கிட்டத்துல கார் வச்சிருக்கவிய யாராச்சும் இருக்கீகளா? கேட்டுட்டுச் சும்மா இருந்துராதீக. பதில் சொல்லுங்க.