‘வழி விடலாம்’ சீட்டு: ஏரிக்கரைத் தெருக் கூட்டத்தில் மனு எழுத்தர் சுப்புராயன் பேசியது

மூன்று பேர் மறுத்த தலைமைப் பொறுப்பை முகம் சுளிக்காமல் ஏற்று, மாலை ஐந்து மணிக்கே மேடைக்கு வந்து மின்விசிறி எங்கே என்று கேட்ட ஓய்வுபெற்ற நில அளவர், என் நெடுநாள் நண்பர் வீரமுத்து அவர்களே, நாற்காலி கிடைத்த நல்லவர்களே, நாற்காலி கிடைக்காமல் நெல் மூட்டைமேல் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு இடுப்பில் பிள்ளையோடு வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே, கணவனை மண்ணுக்குள் வைத்து ஐந்து நாள்கூட ஆகாத நிலையில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் சகோதரி உபகாரமேரி அவர்களே, ஒலிபெருக்கிக்காரர் மேசைக்குப் பின்னால் நின்றால் என் கண்ணில் படமாட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கும் தம்பி அய்யப்பன் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான, ஆனால் கொஞ்சம் கோபமான வணக்கம்.

நான் மேடையேறிப் பழகியவன் இல்லை. கள்ளக்குறிச்சி தாலுகா அலுவலக வாசலில், வேப்பமரத்தடியில், இருபத்திரண்டு ஆண்டுகளாக மனு எழுதிப் பிழைக்கிறவன். ‘மேன்மை தங்கிய’ என்று தொடங்கி ‘தாழ்மையுடன்’ என்று முடிப்பதுதான் நான் கற்ற தமிழ். இன்று மட்டும் தாழ்மையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன், பொறுத்தருளுங்கள்.

இந்த ஒரு மாதத்தில் நம் தெருவிலிருந்து என்னிடம் பதினொரு மனு வந்தது. வாய்க்கால் மதகடியில் ஒரு கும்பல் சேருகிறது, சிவப்புக் கைக்குட்டை கட்டுகிறது, நம்பர் இல்லாத வண்டியில் சுற்றுகிறது, விசில் அடித்தால் வேறு விசில் பதில் சொல்கிறது, வீட்டுக் கதவிலெல்லாம் தார் பூசி எண் போடுகிறது என்று பதினொரு பேர் பதறிக்கொண்டு வந்தீர்கள். பதறினீர்கள், பகர்ந்தீர்கள், பக்கம் பக்கமாக எழுத வைத்தீர்கள். அந்தப் பதினொன்றில் ஒன்றிலாவது பெயர் உண்டா?

நம் தங்கதுரை வந்தார். முன்வரிசையில்தான் இருக்கிறார், எழுந்திருக்க வேண்டாம். குடையை மடக்கிக்கொண்டு காதோரம் குனிந்து சொன்னார். “எழுதிக்கிங்க. மதகாண்ட அஞ்சி பேரு குந்திக்கினு கீறானுங்க. போற வர்றவங்கள நிக்க வெச்சி, எந்த வூடு, எங்க போறன்னு கேக்கறானுங்க. போலீசு வந்தாத்தான் சரிப்படும்.” எழுதினேன். மனுதாரர் பெயர் என்ற இடம் வந்தது. “பேரு மட்டும் போட்டுடாதீங்க. பொதுமக்கள்னு போட்டுக்கிங்க” என்றார். ஐயா, இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் ‘பொதுமக்கள்’ என்ற ஆளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், அவருக்கு ரேஷன் கார்டு இருக்கிறதா என்று யாருக்காவது தெரியுமா?

சிரிக்காதீர்கள். சிரிக்கிறவர்களும் அந்தப் பதினொன்றில் இருக்கிறீர்கள்.

அடுத்து இட்லிக்கடை குஞ்சம்மாள் வந்தார். அவரும் குமுறினார். “கதவுல தாரு பூசி ஏழுன்னு போட்டுட்டானுங்க. எதுக்குடா நம்பருன்னா, கெடக்கட்டும் அக்கான்றான். இந்த அநியாயத்த நீங்கதான் எழுதணும்” என்றார். எழுதிக்கொண்டே இருந்தேன். அவர் வெற்றிலை எடுக்கச் சுருக்குப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு சீட்டு விழுந்தது. இது என்ன என்று கேட்டேன். “சந்தைக்குப் போய் வர சீட்டுங்க. அவனுங்ககிட்டதான் வாங்கினேன். எதுக்கும் இருக்கட்டுமேன்னு.”

எதுக்கும் இருக்கட்டுமே. இந்த இரண்டு சொல்தான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. கும்பலைப் பற்றிப் புகார் சொல்ல வருகிற கையில் கும்பல் கொடுத்த சீட்டு. ஒருவரிடமா? பதினொரு பேரிடமும் கேட்டேன். பதினொரு பேரிடமும் இருந்தது. ஒருவர் அதைக் கண்ணாடி உறைக்குள் போட்டு, மழையில் நனையாமல் வைத்திருந்தார்.

காசு பிடுங்கினார்களா? ஒரு பைசா இல்லை. பிடுங்கியிருந்தால் ஒருவேளை நமக்கு ரோஷம் வந்திருக்கும். சீட்டு இனாம். ஆகவே வரிசையில் நின்று வாங்கினோம். அய்யப்பனின் லேத்துப் பட்டறை வாசலில் நின்றோம், கும்பிட்டு நின்றோம், குறுக்கே வந்தவனை வரிசையில் வா என்று அதட்டியும் நின்றோம்.

என்ன தம்பி? சத்தமாகச் சொல், மேடைக்குக் கேட்கவில்லை. அய்யப்பன் கேட்கிறார், ‘சீட்டுமேல குத்தற அந்தச் சீல நீங்கதானங்க செஞ்சி குடுத்தீங்க’ என்று. பொறு அப்பா. அதைச் சொல்லத்தான் ஏறினேன். உன்னைவிட எனக்குத்தான் அவசரம்.

ஆம், பெரியோர்களே. செய்தவன் நான். சென்ற ஆண்டு புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு நம் பிள்ளைகள் ஒரு வாரம் சாலையை மறித்தார்கள். கோரிக்கை நியாயம். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், அந்தக் கோரிக்கைக்கு மனு எழுதியதும் இந்தக் கைதான். கச்சிராயபாளையம் சாலையில் புளியமரம் சாய்ந்து கிடந்தது, பஸ் இல்லை, பால் இல்லை. காய்ச்சல்காரர்கள் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவது? நம் தெருவுக்கு வேறு வழியும் கிடையாது, மதகைத் தாண்டித்தான் எவரும் வெளியே போக வேண்டும். தலைவர் வீரமுத்து, தங்கதுரை, நான், மூவரும் கூடி ஒரு சீட்டு முறை வைத்தோம். நோயாளி, பால், பிள்ளைப்பேறு, இழவு, இவற்றுக்கு வழி விடலாம் என்று எழுதிக் கொடுப்போம், மதகில் இருக்கிற பிள்ளைகள் பார்த்து அனுப்புவார்கள்.

எழுதிக் கொடுத்தால் போதாதா? என் தொழில் புத்தி விடவில்லை. முத்திரை இல்லாத காகிதம் என்ன காகிதம் என்று தோன்றியது. சாலை மூடிக் கிடக்கும்போது முத்திரைக்கு எங்கே போவது? என் வலது கால் ரப்பர் செருப்பு வார் அறுந்து கிடந்தது. அதன் குதிகாலைப் பிளேடால் அறுத்து, ‘வழி விடலாம்’ என்று எழுத்துகளைத் திருப்பிச் செதுக்கி, மையில் தோய்த்து அடித்தேன். அழகாக விழுந்தது. சொன்னால் வெட்கம், அன்று நான் அதை நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

தாய்மார்களே, ஒன்பது மாதமாக இந்தத் தெரு கைகட்டி நிற்பது ஒரு செருப்பின் குதிகாலுக்கு முன்னால். அதுவும் நான் போட்டுத் தேய்ந்த செருப்பு.

இன்னும் கேளுங்கள். அந்த ஏழு நாளில் இதே அய்யப்பன் ஒரு கிழவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தார். நான் கண்ணால் பார்த்தேன், மறைக்கமாட்டேன். எட்டாம் நாள் மறியல் முடிந்தது, பஸ் ஓடியது, பிள்ளைகள் வேலைக்குத் திரும்பினார்கள். மதகில் வைத்துக்கொள்ள நான் அய்யப்பனிடம் கொடுத்த முத்திரை அவர் சட்டைப்பையில் மறந்து கிடந்தது. அதோடு ஒழிந்திருக்கும். ஒன்பதாம் நாள் ஒரு பெரிய மனிதர் லேத்துப் பட்டறைக்குப் போய், “அய்யப்பா, திருக்கோவிலூர் வரைக்கும் போறேன், ஒரு சீட்டு போட்டுக் குடு, எதுக்கும் இருக்கட்டும்” என்றார். சாலை திறந்து கிடக்கிறது. யாரும் கேட்கவில்லை. இவர் போய்க் கேட்டார். தங்கதுரை அவர்களே, குடையை விரிக்க வேண்டாம், மழை வரவில்லை.

அவர் கேட்டார், அடுத்தவர் கேட்டார், அதற்கடுத்தவர் கேட்காமல் இருக்கப் பயந்து கேட்டார். கேட்கக் கேட்க, கொடுக்கிறவனுக்குத் தான் ஏதோ ஆகிவிட்டோம் என்று தோன்றாதா? தோன்றியது. பிறகு சீட்டு இல்லாதவனை நிறுத்தினார்கள், நின்றவனை அதட்டினார்கள், அதட்டியும் போகிறவனை அடித்தார்கள். மலையிலிருந்து பலாப்பழமும் தேனும் கொண்டுவந்த ஒருவரைச் சீட்டு எங்கே என்று கேட்டுக் காதில் அறைந்தார்கள். அவருக்குச் சீட்டு என்றால் என்னவென்றே தெரியாது. மூன்று வாரமாகக் கல்வராயன் மலைக்காரர்கள் யாரும் நம் தெருப்பக்கம் வரவில்லை. மறியல் பங்கு கேட்டது. இந்தச் சீட்டு பணிவு கேட்கிறது. இரண்டையும் ஒன்றென்று சொல்லி யாராவது என்னிடம் வந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

சென்ற வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இந்தத் தெருவில் பாதி வீட்டுக்குச் சுவர் எழுப்பிய கொத்தனார் சின்னப்பன் இறந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாற்பது பேர் போனோம். பிற்பகல் மூன்று மணி, ஆனி மாதத்து வெயில். மதகடியில் ஐந்து பேர் எழுந்து நின்றார்கள். “பாடிக்கு சீட்டு இருக்குதா?” என்று கேட்டார்கள்.

நாற்பது பேர் என்ன செய்தோம்? ஐவரைத் தள்ளிவிட்டுப் போனோமா? தள்ள வேண்டாம், திட்டவாவது செய்தோமா? பெட்டியைத் தார்ச்சாலையில் இறக்கி வைத்தோம். வெயிலில் வைத்துவிட்டு, முத்திரை இருக்கும் லேத்துப் பட்டறைக்குச் சீட்டு வாங்கி வர ஆள் அனுப்பினோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியவர் இதோ என் பக்கத்தில் தலைமை நாற்காலியில் இருக்கிறார். தலைவர் அவர்களே, கோபிக்காதீர்கள். நீங்கள் ஓடினீர்கள், நான் நின்று கொண்டிருந்தேன். எது கேவலம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்த நாற்பது பேரில் வாய் திறந்தது ஒரே ஒருவர். உபகாரமேரி அம்மா. “செத்தவன நிக்க வெக்கிறீங்களே, நீங்கள்லாம் மனுசங்களா” என்று கேட்டார். கேட்ட பலன், மறுநாள் அவர் கதவில் இருந்த எண்ணைச் சுற்றித் தாரில் ஒரு வட்டம். நர்சரிப் பள்ளிக்கு வேலைக்குப் போகிற மகள் ஜூலியாவுக்கு இனிச் சீட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் மூன்று நாளாக வீட்டில் இருக்கிறாள்.

சின்னப்பனின் சீட்டு இதோ. சத்தமாகப் படிக்கிறேன். பெயர், சின்னப்பன். போகும் இடம், கல்லறை. காரணம், சாவு. திரும்பும் நேரம், இல்லை. கீழே என் செருப்பு, ‘வழி விடலாம்’.

திரும்பும் நேரம் என்ற கட்டத்தைக் கோடு போட்டு வைத்தவனும் நான்தான், ஐயா. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எப்போது வருவார் என்று மதகுப் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் உதவியாக இருக்குமே என்று வைத்தேன். நல்ல எண்ணத்தில்தான் வைத்தேன். நல்ல எண்ணத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கக்கூட முடியாது என்று இப்போது தெரிகிறது.

இன்று காலை உபகாரமேரி அம்மா வேப்பமரத்தடிக்கு வந்தார். புகார் எழுத வந்திருக்கிறார் என்று பேனாவைத் திறந்தேன். “புகார் வேணாங்க. நாளைக்குக் காலைல லாரி வருது. ரிஷிவந்தியத்துல தங்கச்சி வூட்டுக்குப் போறோம். சாமான் ஏத்தினு போவ மதகாண்ட சீட்டு கேப்பாங்களாம். நீங்க எழுதிக் குடுத்தா தட்ட மாட்டாங்கன்றாங்க” என்றார். அவர் இந்தச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்து, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். “எங்க வூட்டுக்காரருக்குத் திரும்பற நேரம் இல்லன்னு போட்டாங்க. எங்களுக்கும் அதையே போட்டுடுங்க.”

நான் அழுதேன். தாலுகா அலுவலக வாசலில், அத்தனை பேருக்கு நடுவில் அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சீட்டு எழுதமாட்டேன் என்றேன். மனு எழுதுகிறேன், பெயர் போடலாமா என்று கேட்டேன். “நான்தான் போறவளாச்சே. எம் பேருக்கு இனிமே இன்னா பயம். போட்டுக்கிங்க” என்றார். பிறகு அவராகவே சொன்னார். “அவரு கையால கட்டின வூடுங்க. எனக்கின்னா போவணும்னு ஆசையா? நாலு பேரு எம் பேருக்குக் கீழ கையெழுத்து வெச்சா, லாரிய வேணாம்னு சொல்லிடுவேன்.”

நாலு பேர். நானூறு பேர் இருக்கிற தெருவில் அவர் கேட்டது நாலு பேர்.

மனு தயார். காவல் ஆய்வாளருக்கு எழுதியிருக்கிறேன். படிக்கிறேன், கேளுங்கள். மனுதாரர் உபகாரமேரி, கணவர் பெயர் காலஞ்சென்ற சின்னப்பன், கதவு எண் பதினான்கு. எதிரிகள். முதலாவது, சுப்புராயன், மனு எழுத்தர், செருப்பில் முத்திரை செய்து கொடுத்தவர். ஆமாம், என் பெயர்தான். எழுத்து கோணவில்லை. இரண்டாவது, அய்யப்பன், லேத்துப் பட்டறை. மூன்றாவது முதல் ஆறாவது வரை, மதகில் உட்காரும் மற்ற நால்வர், பெயரோடு.

அய்யப்பா, முறைக்காதே. உன்னோடு நானும் வருகிறேன், ஒரே பெஞ்சில் உட்காருவோம். கிழவரைத் தூக்கின தோள் உன்னுடையது என்று அங்கேயும் சொல்வேன். பெட்டியை இறக்க வைத்தது நீ என்றும் சொல்வேன்.

நாளைக் காலை ஜூலியா எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புவாள். சீட்டு இல்லாமல் நான் கூடப் போகிறேன். எனக்கு வயது அறுபத்தொன்று, அடித்தால் விழுவேன், விழுந்தால் எழ நேரமாகும். பரவாயில்லை.

என்னம்மா? கடைசி வரிசையில் உபகாரமேரி அம்மா எழுந்து நிற்கிறார். ‘லாரிக்காரன் ஏழு மணிக்கு வருவான், அவனுக்கு இன்னா சொல்லட்டும்’ என்று கேட்கிறார். அம்மா, அதை என்னிடம் கேட்காதீர்கள். நான் எதிரி, என் கையெழுத்து செல்லாது. இதோ உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்களிடம் கேளுங்கள். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

மேசைமேல் மனு இருக்கிறது, பேனா இருக்கிறது. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மை இருக்கிறது. பொதுமக்கள் என்று எழுத இடமில்லை, பெயரைத்தான் எழுத வேண்டும்.

எழுந்து வருகிறவர்களுக்கு என் நன்றி. உட்கார்ந்தே இருக்கிறவர்களுக்கு வணக்கம் மட்டும்.