சுத்துற கை நின்னா

டொப்.

கேட்டுச்சா சார்? பூனை இல்ல, டப்பா மூடி. வெயில் ஏற ஏற உள்ள காத்து உப்பி மூடியத் தூக்குது. உக்காருங்க, உக்காருங்க. உள்ள இப்ப போவ வேணாம். மாமா முழிச்சிட்டுதான் இருக்காரு, இருந்தாலும் வேணாம். டப்பாவ எடுத்துட்டுப் போவ லாஸ்பேட்டையிலேருந்து சைக்கிள் மிதிச்சி வந்திருக்கீங்க, மோர் குடிங்க.

ஆமா, எங்க மாமனாரு கட்டிலுக்கடியிலதான் எல்லா டப்பாவும். பழைய படச்சுருளு. நாத்தம் இங்கயே அடிக்குது பாருங்க, நெஞ்சக் கமறுது. படம் காட்டுற மெஷினா? பரண் மேல கெடக்குது, சக்கரத்துப் பல்லெல்லாம் தேஞ்சி. கைப்பிடி போட்டுச் சுத்துறது சார். பிரெஞ்சுக்கார முசியே ஒருத்தரு கப்பலேறுறப்ப குடுத்துட்டுப் போனாராம். அதத் தோள்ல தூக்கிக்கிட்டு ஊரூராப் போயி, வேட்டியத் தெரையாக் கட்டிப் படம் காட்டுவாரு மாமா. மெதுவாச் சுத்துனா ஜனங்க மெதுவா நடப்பாங்க. திருப்பிச் சுத்துனா பின்னாலயே போவாங்க. கைத்தட்டு அள்ளுமாம்.

அதுல ஒரு டப்பாவுல எங்க அத்தை இருக்காங்க. பார்வதி. உப்பளத்துல முசியே படம் புடிக்கிறப்ப, தண்ணிக்கொடத்தோட குறுக்க வந்துட்டாங்களாம். படத்துல பாத்துட்டுதான் வீடு தேடிப் போயி பொண்ணு கேட்டிருக்காரு இவரு. சிரிக்காதீங்க, நெசம். எங்க வீட்டுக்காரரு பலராமன் பொறந்த அன்னிக்கே அத்தை போய்ட்டாங்க. போட்டோ ஒண்ணு கூடக் கெடையாது. பெத்த புள்ளைக்கே அம்மா மொகம் தெரியாது.

இல்ல சார், அவருக்கும் காட்டுனதில்ல. காட்ட மொகம் எங்க இருக்குது? ஓடுற படத்துக்குப் பின்னால வெளக்கு எரியும், அதனால சுத்துற கை நிக்கவே கூடாதாம். நின்னா படம் பத்திக்கும். ஊருக்கெல்லாம் சுத்துன மனுசன், அத்தை காரியம் முடிஞ்சதும் தனியா உக்காந்து அந்தப் படத்தப் போட்டிருக்காரு. அத்தை சிரிச்சிட்டே திரும்புற எடம் வந்துச்சாம். கை நின்னுடுச்சு. மொகத்து நடுவுல பழுப்பா ஒரு பொட்டு. அப்புறம் ஓட்டை. அப்புறம் நெருப்பு. தண்ணியில போட்டா தண்ணிக்குள்ளயும் எரிஞ்சுதாம் சார்! மிச்சத்தக் கையாலயே பிச்சி எடுத்தாரு. சோத்துக்கை வெரலு மூணும் இன்னிக்கும் ஒட்டிக்கிட்டுதான் இருக்குது.

அந்த மிச்சத்தத்தான் தினம் ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சிப் பாப்பாரு. கொடம் இருக்குது, நடை இருக்குது. சிரிப்பு இல்ல.

எனக்கு பயம் சார். தண்ணிக்கும் அடங்காத நெருப்ப வீட்ல வச்சிக்கிட்டு யாரு தூங்குவா? எங்க வீட்டுக்காரரு, போடி பைத்தியம்னுட்டு மில்லுக்குக் கெளம்பிடுவாரு. நீங்க பத்திரமான எடத்துக்கு எடுத்துட்டுப் போறேன்னதும் உசுரு வந்துச்சு. புள்ளைங்களா? காலையிலயே பக்கத்து வீட்டு சுலோசனாகிட்ட விட்டுட்டேன்.

ஏன்னா... நேத்து மாமாகிட்ட சொன்னேன், நாளைக்கு சார் வந்து டப்பாவெல்லாம் எடுத்துட்டுப் போயிடுவாருன்னு. காலையில பாத்தா மாடத்துல தீப்பெட்டியக் காணம். அவரு பீச்சாங்கையில இருக்குது. கேட்டா குடுக்கல. என்னையே பாக்குறாரு.

எழுந்துக்காதீங்க சார்! நடமாட்டம் கேட்டா, எடுக்க வந்துட்டீங்கன்னு நெனச்சிடுவாரு. சொன்னா ஓடிடுவீங்கன்னுதான் சொல்லல. நான் போலாம், போயிருக்கலாம். அவரு தனியால்ல இருப்பாரு?

கஞ்சி குடிச்சிருக்காரு. கண்ணசந்தா கை தளரும், போயி தீப்பெட்டிய எடுத்துடுவேன். இன்னும் கொறட்டை வரல.

கீரை பாதி அப்படியே கெடக்குது. அந்த மொறத்த இப்படித் தள்ளுங்க, ஆஞ்சிக்கிட்டு இருக்கேன்.